அறுப்பின் பண்டிகைக்கு முந்தின நாள், புறவாசல் வழியே

முன்வாசல் வேண்டாம், இப்படிப் புறவாசலுக்கு வாங்க! செருப்பை அந்த முருங்கை மரத்தடியில் விட்டுவிடுங்கள். கோழிக்கூட்டைத் தாண்டும்போது மட்டும் கொஞ்சம் பார்த்து வரவேண்டும். அங்கே காவலுக்கு ஒருத்தர் நிற்கிறார். அவரைப் பிறகு அறிமுகப்படுத்துகிறேன்.

நாசரேத் பக்கத்துத் தேரிக்காட்டில் ஒரு சின்ன ஊர். நாளைக்கு இங்கே அறுப்பின் பண்டிகை. தை மாதத்துக் காய்கறி, கோழி, முட்டை, பனங்கிழங்குக் கட்டு என்று வீட்டுக்கு வீடு காணிக்கையாகக் கோயிலுக்கு வரும். ஆராதனை முடிந்ததும் வளாகத்தில் ஏலம் நடக்கும். அந்த ஏலத்தில் ஊரே எட்டிப் பார்க்கிற ஓலைக் கடகம் ஒன்று உண்டு. அதைத் தூக்கிவரும் மூன்று பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே படிக்கிறவர்கள். கஞ்சி போட்டுத் தேய்த்த துணி, தடுமாறாமல் சொல்லும் வசனம், பெட்டி நிறையக் காய். ஊருக்குத் தெரிவது இவ்வளவுதான். பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை முழுக்க அந்த வீட்டுக்குள்ளேயே இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள எனக்கு அனுமதி கிடைத்துவிட்டது! நான் மட்டும் பார்த்தால் எப்படி? நீங்களும் வாங்க.

அடுக்களை, விடியும் முன்

இன்னும் வெளிச்சம் வரவில்லை. நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு, கொண்டையைத் தட்டி முடிந்தபடி பிள்ளைகளின் அம்மா, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், அடுப்பைப் பற்றவைக்கிறார். “வாம்மா, உக்காரு. உக்கார எடம் கெடச்சா!” என்று சிரிக்கிறார். உண்மைதான். பலகையின்மேல் பூசணிப் பிஞ்சு, திண்டில் உலரும் அவரை விதை, மூலையில் சுருண்டு தூங்கும் பூனை. கேஸ் அடுப்பு ஒன்று இருக்கிறது, அவசரத்துக்கு மட்டும். சோறு பொங்குவது விறகடுப்பில். சில்லாட்டையைச் செருகித் தீக்குச்சியைக் காட்டியதும் குப்பென்று பிடித்துக்கொள்கிறது. மேலே காய்ந்த பனைமட்டை. இரண்டுமே காசு கொடுத்து வாங்காதவை.

அரிசியை அளந்து சுளவில் கொட்டியதும் ஆறு வயதுக் கடைக்குட்டி கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓடிவருகிறாள். இது அவளுடைய வேலை. உலையில் அரிசி போவதற்கு முன்னால் ஒரு பிடி அள்ளி, சுவரோரம் இருக்கும் மண்கலயத்தில் போடவேண்டும். பிடி அரிசிக் காணிக்கை! கலயம் நிறைந்ததும் கோயிலுக்குப் போகும். மிசோரம் மாநிலத்துத் திருச்சபைகளிலும் 1910 முதல் இந்த வழக்கம் இருக்கிறது. ஒவ்வொரு வேளையும் ஒதுக்கிய அந்தக் கையளவு அரிசியிலிருந்துதான் அங்கே பெரிய பெரிய ஊழியங்கள் நடக்கின்றன.

“எங் கைதாம் பெருசு, நாம் போடுதேன்” என்று பதினொரு வயது நடுவன் நடுவில் கையை நீட்டுகிறான். “நீ ரெண்டு வருசம் போட்டாச்சுல்லா” என்று சின்னவள் கலயத்தைக் கட்டிப்பிடித்துக்கொள்கிறாள். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “கை சின்னதா இருந்தா என்னட்டி, ரெண்டு பிடியாப் போடு.” வழக்கு முடிந்தது.

களைந்த தண்ணீர் எங்கே போகிறது என்று கவனியுங்கள். முதல் தண்ணீர் கறிவேப்பிலைக்கு. இரண்டாவது தண்ணீரில் புளியை ஊறப்போட்டாயிற்று, மதியக் குழம்புக்கு. சோறு வடித்த கஞ்சியை மூடி வைத்து, “இத யாரும் குடிச்சிராதீங்க, சாயங்காலம் இதுக்கு வேல இருக்கு” என்று உத்தரவு போடுகிறார். என்ன வேலை? பொறுங்கள், பார்க்கத்தான் போகிறோம். அடுப்பு அணைந்த பிறகும் கங்கு சும்மா கிடக்கவில்லை. சாம்பலுக்குள் இரண்டு கத்தரிக்காயைப் புதைத்து, மேலே வெந்நீர்ப் பானையைத் தூக்கி வைத்தாயிற்று.

காலை ஆகாரம் பழைய சோறு, சின்ன வெங்காயம், பீர்க்கங்காய்த் தோல் துவையல். பீர்க்கங்காய் நேற்றே கூட்டாகிவிட்டது. இன்றைக்கு அதன் தோலுக்கு முறை. அம்மாடி, என்ன மணம்! கையை வழித்து நக்காமல் எழுந்தவர்கள் யாரும் இல்லை.

தோட்டத்துக் காவலாளி

இப்போது தோட்டம். அந்தக் காவலாளி இவர்தான். கொண்டை சாய்ந்த செந்நிறச் சேவல். பெயர் பார்வோன்! “ஏன் அந்தப் பேரு?” என்றேன். “யாரையும் போகவிட மாட்டான் சித்தி. எத்தன தடவ சொன்னாலும் மனசு கடினமாத்தான் இருக்கும்” என்கிறான் நடுவன். சொல்லி வாய் மூடவில்லை, பார்வோன் இறக்கையை விரித்துக்கொண்டு என் புடவைக் கரையைக் குறிவைத்து ஓடிவருகிறார். நடுவன் ஈர்க்குவாரியலைக் கோலாக நீட்டுகிறான், சின்னவள் கைதட்டிக் கத்துகிறாள், நாங்கள் பார்வோனைச் சுற்றிக்கொண்டு அவரைப் பந்தலுக்குள் நுழைந்துவிட்டோம்!

தேரி மண்ணைக் கையில் அள்ளிப் பாருங்கள். இரும்புச் சத்தால் சிவந்த மணல். விரலிடுக்கில் நிற்காது, தண்ணீரையும் நிறுத்தாது. இதில் எப்படி இத்தனை பச்சை? நடுவன் மம்பட்டியால் ஒரு குழியின் ஓரத்தைச் சுரண்டிக் காட்டுகிறான். அடியில் தேங்காய் மட்டைகளை மல்லாத்தி அடுக்கியிருக்கிறார்கள். அதற்குமேல் சாணமும் சருகும் அடுப்புச் சாம்பலும். மட்டை தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு வேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். பாத்திரம் கழுவுகிற இடத்திலிருந்து ஒரு வாய்க்கால் நேராக வாழைக்குப் போகிறது. சாம்பலும் புளியும் போட்டுத் துலக்குவதால் வாழைக்கு அதில் கெடுதல் இல்லை.

அவரையில் அசுவினி அப்பியிருக்கிறது. பனி காயும் முன்னே சாம்பலைத் தூவவேண்டும் என்பதால் பதினான்கு வயது மூத்தவள் வேகவேகமாக ஓடுகிறாள். பழைய வேட்டித் துணியில் முடிந்த சாம்பலை இலைமேல் தட்டுகிறாள். பாதி அவளுடைய தலைமுடியில். “ஏட்டி, நாளைக்குப் பாட்டுக்குழுவுல நிக்கணும், தலைய மூடிக்கோ” என்று அடுக்களையிலிருந்து குரல் வருகிறது. கேட்டது யார்?

சந்துப் பக்கம் வேலிக்கு வெளியே முருங்கைக் கிளை ஒன்று தாழ்ந்து தொங்குகிறது. காய் கொத்துக் கொத்தாக இருக்கிறது. பறிக்கப் போனேன். “அது நம்மளுக்கு இல்ல சித்தி!” என்று மூன்று பேரும் ஒரே குரலில் தடுத்துவிட்டார்கள். ஏன் என்று கேட்டால், “பத்து மணிக்குப் பாடத்துல வரும்” என்றாள் மூத்தவள். பாருங்கள், என்ன குறும்பு!

பூசணியின் நெற்றியில்

அடுத்த காட்சிதான் காலையின் பெரிய நாடகம். கடகத்தின் நடுவில் உட்காரப்போகும் பூசணியை உருட்டிக்கொண்டு வருகிறார்கள். ஆறரைக் கிலோ! பிள்ளைகளின் அப்பா, அதாவது அத்தான், பழைய இரும்புத் தராசில் தூக்கிக் கட்ட, நடுவன் படிக்கல்லைக் கூட்டியும் குறைத்தும் முள்ளை நடுவில் நிறுத்துகிறான்.

திருப்பினால், பூசணியின் நெற்றியில் எழுத்து! கார்த்திகையில் அது உள்ளங்கை அளவுப் பிஞ்சாக இருந்தபோது சின்னவள் ஆணியால் மெல்லக் கீறி எழுதியது. கீறல் ஆறித் தழும்பாகி, காயோடு சேர்ந்து எழுத்தும் பெருத்திருக்கிறது. எழுதியது ‘ஸ்தோத்திரம்’. ஆனால் ஒரு ‘த்’ விட்டுப்போய், பூசணி முழுக்க அகலமாக, தெளிவாக, ‘ஸ்தோதிரம்’!

ஒரு கணம் அமைதி. பிறகு மூத்தவள் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க, சின்னவளின் உதடு பிதுங்க ஆரம்பித்துவிட்டது. “வீட்டுலேயே படிக்க வச்சா இப்படித்தாம்னு ஊரு சொல்லுமே” என்று அக்கா நெற்றியைத் தேய்க்கிறார். அந்த ஒரு நொடியில் அவர் முகத்தில் தெரிந்த கவலை வெளியே யாரும் பார்க்காதது. நடுவே ஒரு ‘த்’தை இப்போது கீறிச் செருகலாமா? பச்சையாகத் தெரியுமே. திருப்பி வைத்தால்? அந்தப் பக்கம் சொத்தை. வேறு பூசணி? இருப்பதெல்லாம் இதில் பாதிகூடத் தேறாது.

நார்க்கட்டிலில் இருந்து பிள்ளைகளின் ஆச்சி தீர்ப்புச் சொன்னார். “ஆண்டவருக்கு எழுத்துக்கூட்டத் தெரியும். வைங்கட்டி பெட்டியில.” வைத்துவிட்டார்கள்!

பாய் விரித்தால் பள்ளிக்கூடம்

பத்து மணி. சாப்பிட்ட அதே பாயை உதறி விரித்தால் பள்ளிக்கூடம். சனிக்கிழமை அரைநாள் உண்டு. கரும்பலகை, அலமாரிக் கதவின் உள்பக்கம். கணக்குப் போட்டுப் பார்க்கும் தாள், கிழித்த நாட்காட்டியின் பின்பக்கம். கல்யாணப் பத்திரிகை உறைகளெல்லாம் விதைப் பொட்டலங்களாக மாறி, ‘கத்தரி, ஆடி’, ‘தண்டங்கீரை’ என்று பிள்ளைகளின் கையெழுத்தில் பெயர் தாங்கி ஒரு கொட்டானில் நிற்கின்றன. அதன் பக்கத்திலேயே மூத்தவளின் பாடப்புத்தகங்கள். தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், அதாவது என்.ஐ.ஓ.எஸ்., 14 வயது நிறைந்தவர்களைப் பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வுக்குச் சேர்த்துக்கொள்கிறது. மத்திய அரசின் கீழ் 1989-ல் தொடங்கிய நிறுவனம். பொதுத்தேர்வு வருடத்துக்கு இரண்டு முறை. மூத்தவள் அதற்குத்தான் தயாராகிக்கொண்டிருக்கிறாள். வீட்டுக்கல்வியைப் பற்றி 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தில் தனியாக ஒன்றும் வகுக்கப்படவில்லை என்பதால், இந்தத் தேர்வுச் சான்றிதழை அக்கா மிக முக்கியமாக நினைக்கிறார்.

பாடம் ஒவ்வொன்றும் இருபது நிமிடம். மணி அடிக்கப் பழைய அலாரம் கடிகாரம். படித்ததைப் புத்தகத்தை மூடிவிட்டுச் சொந்த வார்த்தையில் திருப்பிச் சொல்லவேண்டும். இங்கிலாந்தின் சார்லட் மேசன் 1886-ல் வீட்டுக்கல்வி பற்றி ஒரு புத்தகம் எழுதினார். குறுகிய பாடம், திருப்பிச் சொல்லல், வெளியே போய்ச் செடியையும் பறவையையும் கவனித்தல் எல்லாம் அவர் வற்புறுத்தியவை. தேரிக்காட்டுப் பாயில் அவை எப்படி உயிரோடு இருக்கின்றன என்று நீங்களே பாருங்கள்.

இன்றைக்கு ரூத்தின் கதை. நடுவன் எழுந்து நின்று சொல்கிறான். “ரூத்தும் அவ மாமியா நகோமியும் பெத்லகேமுக்கு வந்துட்டாங்க. கையில ஒண்ணும் இல்ல. ரூத்து வயல்ல சிந்துன கதிரப் பொறுக்கப் போனா. வயல்காரரு போவாஸ். அவரு வேலைக்காரங்ககிட்ட, அந்தப் பிள்ளைக்காகக் கொஞ்சம் கதிர வேணும்னே சிந்திப்போடுங்கன்னு சொல்லிட்டாரு.” கேட்கிற ஆச்சி கண்ணைத் துடைக்கிறார். வயலின் ஓரத்தை முழுக்க அறுக்காமல் எளியவர்களுக்கும் பரதேசிகளுக்கும் விட்டுவிடவேண்டும் என்று லேவியராகமத்தில் சட்டமே இருக்கிறது என்று அக்கா எடுத்துச் சொல்ல, சின்னவள் என் பக்கம் திரும்பி ரகசியக் குரலில், “அந்த முருங்கக் கிளதாம் எங்க வயலு ஓரம்” என்கிறாள். எனக்குப் புல்லரித்துவிட்டது!

சந்தில் போகிற யாரும் அந்தக் காயைப் பறித்துக்கொள்ளலாம். கேட்கவேண்டாம், நன்றி சொல்லவேண்டாம். அரிசி களைந்த தண்ணீரைக்கூடக் கீழே விடாத வீடு, ஒரு கிளை நிறைய முருங்கையை வேலிக்கு வெளியே விட்டுவைத்திருக்கிறது. இந்த வீட்டுச் சிக்கனத்தின் சூட்சுமம் இங்கேதான் எனக்குப் பிடிபட்டது. மிச்சம் பிடிக்கிற ஒவ்வொன்றுக்கும் வாங்கிக்கொள்ள ஒரு கை ஏற்கெனவே மனத்தில் இருக்கிறது.

அடுத்து கணக்கு. நடுவன் இருபது வெண்டை விதை போட்டான், பதினேழு முளைத்தது. எத்தனை சதவீதம்? விரலை மடக்கி, மேலே பார்த்து, “எண்பத்தஞ்சு!” மூத்தவளுக்கு இயற்கணிதம். ஒரு சமன்பாட்டில் மாட்டிக்கொண்டு பென்சிலைக் கடித்துக் கடித்து, கடைசியில் பொலபொலவென்று கண்ணீர். அக்கா பக்கத்தில் உட்கார்கிறார். அக்கா படித்தது பிளஸ் டூ. “எனக்கும் ராத்திரிதாம் புரிஞ்சது மக்களே. ரெண்டு தடவ தப்பாப் போட்டேன், இந்தா பாரு” என்று தன் நோட்டைத் திறந்து காட்டுகிறார். அடித்தலும் திருத்தலுமாக ஒரு பக்கம் முழுக்க! மூத்தவள் அதைப் பார்த்ததும் அழுகையை நிறுத்திச் சிரித்துவிட்டாள். பிள்ளைகள் தூங்கிய பிறகு அடுத்த நாள் பாடத்தை அம்மா படிக்கிற அந்த நேரத்தை ஊர் பார்த்ததே இல்லை.

“பிள்ளைங்க நாலு பேரோட பழகவேண்டாமா?” என்று பலரும் கேட்பதை நானும் கேட்டேன். ஓய்வுநாள் பள்ளி இருக்கிறது, பாட்டுக்குழு இருக்கிறது, மே மாதம் விபிஎஸ் என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளி இருக்கிறது, சாயங்காலம் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் இந்த வாசலில்தான் இருக்கிறார்கள். அக்கா இன்னொன்றும் சொன்னார்: “இது எல்லா வீட்டுக்கும் தோதுப்படாதும்மா. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஒரே மனசு வேணும், பொறுமை வேணும். எனக்கே பல நாளு பொறுமை போயிரும். அப்போ கிணத்தடியில போய் அஞ்சு நிமிசம் ஒக்காந்து ஜெபம் பண்ணிட்டு வருவேன்.”

ஆச்சியின் ரேந்தை

மதியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் சாய்கிற நேரத்தில் ஆச்சியின் கட்டிலடிக்குப் போவோம். உருளைத் தலையணை, அதில் குத்திய ஊசிகள், தொங்கும் சிறுசிறு மரக்கட்டைகள். ரேந்தை, அதாவது லேஸ் பின்னல்! கட்டைகள் ஒன்றோடொன்று உரசிக் கடகடக்க, ஆச்சியின் விரல்கள் பறக்கின்றன. கண் மட்டும் நம்மைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறது.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிஷனரியான மார்த்தா மால்ட் அம்மையார் நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்கு எழுத்தோடு இந்தக் கைவேலையையும் கற்றுக்கொடுத்தார். ரேந்தை விற்ற காசைக் கொண்டு அடிமைநிலையில் இருந்த பெண்கள் சிலர் தங்கள் விடுதலையையே வாங்கிக்கொண்டார்கள். அவருடைய மகள் எலைசா, கால்டுவெல் ஐயரை மணந்து இடையன்குடிக்கு வந்து அங்கேயும் இதைப் பரப்பினார். ஆச்சி இடையன்குடியில் பிறந்து வளர்ந்தவர். “எங்க ஆச்சி எனக்குச் சொல்லித்தந்தா. இப்போ இவளுக்கு நாஞ் சொல்லித்தாரேன்” என்று மூத்தவளின் தலையைத் தட்டுகிறார். நாளைக்கு ஏலத்துக்குப் போகும் சின்ன மேசை விரிப்பு ஒன்றின் கடைசி ஓரம் இன்னும் முடியவில்லை. பேத்தியும் ஆச்சியும் ஆளுக்கொரு கட்டை மாற்றிப் போடுகிறார்கள். எது யார் போட்டது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

இந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு மாமா. முதலூரிலிருந்து வருகிறார். 1799-ல் புதிதாகக் கிறிஸ்தவர்களானவர்களுக்கென்று உருவான ஊர் முதலூர். இன்றைக்கு அந்தப் பெயரைச் சொன்னால் நாக்கு முதலில் நினைப்பது தேங்காய்ப் பால் ஊற்றிக் கிண்டிய மஸ்கோத் அல்வாவை! கையில் பொட்டலம். தூங்கிக்கொண்டிருந்த இரண்டு பேரும் எப்படித்தான் எழுந்தார்களோ! அக்கா நூலைப் பிடித்து இழுத்து அல்வாவைச் சரிசமமாக அறுக்கிறார். பக்கத்து வீட்டுக்கு ஒரு துண்டு முதலில் ஒதுங்கிவிட்டது. மீதிதான் வீட்டுக்கு.

டப்பாக்களின் வரிசை

சாயங்காலம் அத்தான் வேலையிலிருந்து வருகிறார். மோட்டாருக்குக் காயில் கட்டுகிற வேலை. கையெல்லாம் வார்னிஷ் வாடை. வாரக்கூலியை எடுத்து மேசையில் வைத்ததும் வீடே கூடுகிறது. அலமாரியில் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்களும் பவுடர் டப்பாக்களும் வரிசையாக நிற்கின்றன. பிள்ளைகள்தான் பணத்தைப் பிரிக்கிறார்கள்! ஆயிரம் ரூபாய்க்கு நூறு, முதலில் தசமபாகப் பாட்டிலுக்கு. பிறகு அரிசி பருப்பு, கரண்ட், வைத்தியம், தேர்வுக் கட்டணம். கடைசி டப்பாவில் ‘யாராவது வந்தால்’ என்று எழுதியிருக்கிறது. மருந்துக்குக் காசில்லாமல் வருகிறவர், ஊருக்குத் திரும்பப் பேருந்துக்குக் காசில்லாதவர், அப்படி யாராவது. நடுவன் அதில் நோட்டைப் போடும்போது கொஞ்சம் நிதானிக்கிறான். அவன் கண் பக்கத்து டப்பாவில் இருக்கிற கிரிக்கெட் மட்டைச் சேமிப்பின் மேல். “அதுக்கும் நேரம் வரும்டே” என்று அத்தான் அவன் தோளை அழுத்துகிறார். நோட்டு உள்ளே விழுகிறது.

கணக்கு நோட்டை மூத்தவள் எழுதுகிறாள். இந்த வாரம் காய்கறிக்குச் செலவு: வெங்காயம், தக்காளி, உருளைக்கிழங்கு மட்டும். மற்றதெல்லாம் தோட்டம். அந்த வரிக்குக் கீழே ஒரு சின்ன வெண்டைக்காய் படம் போட்டு வைத்திருக்கிறாள்.

கஞ்சிக்கு வேலை வந்துவிட்டது

காலையில் மூடிவைத்த வடிகஞ்சி ஞாபகம் இருக்கிறதா? இதோ! துணியில் வடிகட்டி, தண்ணீர் விளாவி, வெள்ளைத் துணிக்குச் சொட்டு நீலம் விட்டு, அத்தானின் வேட்டியும் நடுவனின் சட்டையும் முங்கி எழுந்து மாலை வெயிலுக்கு மொட்டைமாடிக் கொடியில் ஏறிவிட்டன. காய்ந்து இறங்கும்போது பலகை போல விறைத்து நிற்கின்றன! தேய்ப்புப் பெட்டிக்குள் சிரட்டைக் கரி கனல்கிறது. வேர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டச் சொட்ட அக்கா தேய்க்கிறார். சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. பொத்தான் டப்பாவைக் கொட்டித் தேடினால் வெள்ளை ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் அத்தானின் பழைய சட்டை ஒன்று தன் பொத்தானைத் தானம் செய்தது.

இதற்கிடையில் வசன ஒத்திகை. சின்னவள் கண்ணை மூடிக்கொண்டு கடகடவென்று ஆரம்பித்து, பாதியில் தண்டவாளம் மாறி, வேறொரு சங்கீதத்துக்குள் போய், ‘ஆமென்’ என்று கம்பீரமாக முடிக்கிறாள். “ரெண்டு வசனத்த ஒட்டுப் போட்டுட்டாளே!” என்று நடுவன் தரையில் உருள்கிறான். அவளுக்குக் கோபம். மறுபடி. மறுபடி. தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்திவிட்டு அக்காவும் கூடவே சொல்கிறார். இருட்டும் நேரத்தில் சரியாக வந்தது. பார்வோன்கூட அதற்குள் கூட்டில் அடைந்துவிட்டார்.

இரவு குடும்ப ஜெபம். ஒரு பாட்டு, ஒரு அதிகாரம், பிறகு சுற்றுமுறையில் ஜெபம். நடுவன் கிரிக்கெட் மட்டைக்காகவும் ஜெபிக்கிறான், யாரும் சிரிக்கவில்லை. சின்னவள் முழங்காலிலேயே தூங்கிவிட்டாள். அவள் விரல் நகத்தில் இன்னும் தேரி மண் சிவப்பாக ஒட்டியிருக்கிறது.

ஒரு தரம், ரெண்டு தரம்!

மறுநாள் ஏலத்தில் நின்றபோது என் மகிழ்ச்சியை எப்படிச் சொல்வேன்! எல்லோரும் பார்ப்பது ஒரு கடகம். எனக்கோ அதில் ஒவ்வொன்றின் பின்னாலும் நடந்தது தெரியும். அவரைக்காய் வந்தபோது சாம்பல் படிந்த தலைமுடி ஞாபகம் வந்தது. ரேந்தை விரிப்பைப் போதகரின் மனைவி ஐயரம்மாவே கேட்டு எடுத்தார். ஒற்றை எலுமிச்சம்பழம் ஒன்றுக்கு இரண்டு பேர் போட்டி போட்டு விலையை ஏற்றினார்கள். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் அதுதானே சுவை!

பிறகு பூசணி. ஏலம் விடுகிறவர் அதைத் தூக்கிப் பிடித்து, நெற்றியைப் படித்து, ஒரு நொடி தயங்கினார். கூட்டத்தில் ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஒருவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார். அக்கா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். “இத நாந்தாங் கேப்பேன்” என்றார் வாத்தியார். விலை ஆயிரத்தைத் தாண்டியது. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்! பணத்தைக் கட்டிவிட்டுப் பூசணியை அவர் சின்னவளிடம் நீட்டி, “இதத் திருப்பிக் கோயிலுக்கே குடுத்துரு தாயி, மறுபடி ஏலம் போகட்டும்” என்றார். போயிற்று. எழுத்துப் பிழையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒரு நாள் முழுக்க அந்த வீட்டுக்குள் இருந்து பார்த்த பிறகு உறுதியாகச் சொல்கிறேன். சமையலும் படிப்பும் தோட்டமும் அங்கே தனித்தனி வேலைகள் இல்லை. அடுப்புச் சாம்பல் அவரைக்குப் போகிறது, வெண்டை விதை கணக்குப் பாடமாகிறது, காய் காணிக்கையாகிறது. அந்தச் சுற்றில் ஆறு வயதுப் பிள்ளைக்கும் எண்பது வயது ஆச்சிக்கும் ஆளுக்கொரு வேலை இருக்கிறது. கையில் காசு குறைவு என்பதற்காக அங்கே யாரும் சுருங்கிப் போகவில்லை.

பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்க எல்லோராலும் முடியாது. பத்து சென்ட் தோட்டமும் எல்லோருக்கும் இல்லை. ஆனால் இன்று இரவு உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைக்க உங்களால் முடியும். அதை உங்கள் வீட்டின் மிகச் சிறிய கையைக் கொண்டு எடுக்கவையுங்கள். பாத்திரம் நிறைந்தால் யாருக்குப் போகவேண்டும் என்பதை மட்டும், முதல் பிடி விழும்போதே பிள்ளைகளோடு பேசி முடிவு செய்துவிடுங்கள்.